உவர்நிலத்தில் நெற்பயிர் உப்பைத் தடுக்கும் விதம்

வயலில் கணுக்கால் அளவு நீர் நிற்கின்றது. பயிரோ நண்பகலில் தலைசாய்ந்து வாடுகின்றது. இலையின் நுனி வெளுத்து, சுருண்டு, வைக்கோல் நிறம் அடைகின்றது. காவிரியின் கடைமடையிலும், கடலூர், இராமநாதபுரம் கரையோரங்களிலும் நெல் பயிரிடுவோர் இக்காட்சியைக் கண்டே இருப்பர். தண்ணீர் போதவில்லை என்று கருதி ஒருவர் மேலும் நீர் பாய்ச்சுகின்றார். சத்துப் போதவில்லை என்று கருதி மற்றொருவர் யூரியா இடுகின்றார். பாய்ச்சிய நீர் ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீராக இருக்குமானால், முதலாமவர் நோயையே மருந்தாகக் கொடுத்தவர் ஆகின்றார். இரண்டாமவரோ, வாய் திறக்க இயலாத நோயாளியின் முன் சோற்றைக் குவித்தவர் ஆகின்றார்.

நீரின் நடுவே நிற்கும் பயிர் ஏன் தாகத்தால் வாட வேண்டும்? இதற்கு விடை பயிரின் வேரிலுள்ள உயிரணுக்களில் இருக்கின்றது. கண்ணுக்குத் தெரியாத உயிரணுவைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினருக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். வடிகாலைத் தூர் வாருவதா, கரையோரத்தில் மேலும் ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கு இசைவதா, எந்த விதையைப் பரிந்துரைப்பது, ஜிப்சம் எவருக்குத் தேவை என்பன போன்ற கேள்விகள் பஞ்சாயத்துக் கூட்டங்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பயிரின் உயிரணு உப்பை எவ்வாறு சமாளிக்கின்றது என்று அறிந்தவர் இவற்றுக்குத் தெளிவாக விடை கூற முடியும்.

மாவடுவும் கொண்டைக்கடலையும்

நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்குரிய பாடம் இருக்கின்றது. மாவடுவை உப்பிலிட்டால் சில நாட்களில் அது சுருங்கிவிடுகின்றது. ஜாடியில் நீர் ஊறி நிற்கின்றது. அந்நீரை நாம் ஊற்றவில்லை. மாவடுவின் உள்ளிருந்தே அது வெளியேறியது. கொண்டைக்கடலையை நல்ல நீரில் ஊறவைத்தாலோ, அது நீரை உறிஞ்சிப் பருக்கின்றது. கரைபொருள் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்திற்கு, இடையிலுள்ள மெல்லிய சவ்வின் வழியே நீர் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர்.

நல்ல நிலத்தில், வேர் உயிரணுவின் உள்ளே சர்க்கரை, பொட்டாசியம் முதலிய கரைபொருள்கள் மிகுதியாகவும், மண்ணின் நீரில் அவை குறைவாகவும் இருக்கும். ஆகவே நீர் உள்ளே வருகின்றது. மண்ணில் உப்பு ஏற ஏற இந்த வேறுபாடு குறைகின்றது. ஒரு லிட்டர் நீரில் 6 கிராம் சமையலுப்பைக் கரைத்தால், அக்கரைசல் நீரைத் தன்பால் பிடித்து வைக்கும் வலிமை ஏறக்குறைய 5 வளிமண்டல அழுத்தத்திற்குச் சமமாகும். அந்த நீரைப் பெறுவதற்கு வேர் செய்யவேண்டிய கூடுதல் வேலை, சுமார் 50 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கு ஒப்பானது. கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. வயலில் நிற்கும் நீர் கண்ணுக்கு நீராகத் தோன்றினும், வேருக்கு அஃது எட்டாத நீரே.

உப்பினால் வரும் கேட்டின் முதற் பகுதி இது. நீர் கிடைக்காமையால் புதிய இலைகள் விரிவது உடனே குறைகின்றது. இரண்டாவது கேடு சற்றுப் பொறுத்து வருவது. நீருடன் உள்ளே நுழையும் சோடியமும் குளோரைடும் நாளடைவில் இலையிற் சேர்ந்து நஞ்சாகின்றன. ஆஸ்திரேலிய அறிஞர் ரானா மன்ஸ் இவ்விரண்டு கட்டங்களையும் பிரித்துக் காட்டினார். முதல் கட்டத்தில் பயிர் குட்டையாகும். இரண்டாம் கட்டத்தில் முதிர்ந்த இலைகள் காயும். வயலைப் பார்க்கும்போதே இந்த வேறுபாட்டை ஒருவாறு கண்டுகொள்ளலாம்.

சோடியம் ஏன் பகை, பொட்டாசியம் ஏன் நட்பு

உப்பு நீரிற் கரையும்போது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிகின்றது. மின்னேற்றம் பெற்ற துகளையே அயனி என்கிறோம். உயிரணுவினுள் நடைபெறும் புரதத் தயாரிப்பு முதலிய வேலைகள் பலவற்றிற்குப் பொட்டாசியம் அயனி இன்றியமையாதது. சோடியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தோற்றத்தில் உடன்பிறந்தாரைப் போன்றவை. ஆனால் பொட்டாசியம் அமரவேண்டிய இடத்தில் சோடியம் அமர்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஆதலின் பயிருக்கு முக்கியமானது சோடியத்தின் அளவு மட்டுமன்று. உயிரணுவினுள் பொட்டாசியத்திற்கும் சோடியத்திற்கும் உள்ள விகிதமே ஆகும்.

உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. கொழுப்பின் வழியே அயனிகள் எளிதில் நுழையமாட்டா. எனவே சவ்வில் புரதங்களால் அமைந்த நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. நீர் செல்வதற்குத் தனிக் கால்வாய், பொட்டாசியம் செல்வதற்குத் தனிக் கால்வாய் என்று அவை வகுக்கப்பட்டிருக்கின்றன. நீர்க் கால்வாயைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவும், பொட்டாசியக் கால்வாயின் அமைப்பை விளக்கிய ராடெரிக் மக்கின்னனும் 2003ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மக்கின்னன் ஆராய்ந்த வகைக் கால்வாய், சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைக் குறைந்தது 10,000 மடங்கு எளிதாக விடுகின்றது. இத்தகைய கண்டிப்பான வாயிற்காவலன் எல்லாக் கதவிலும் இருந்தால் கவலையில்லை. ஆனால் வேர்ச் சவ்வில் ஆள் பார்க்காமல் விடும் கதவுகளும் உள்ளன. சோடியம் பெரும்பாலும் அவற்றின் வழியாகவே நுழைகின்றது.

நெல்லுக்கு மற்றொரு குறையும் உண்டு. வேரின் உட்புறத்தில், நீர்க்குழாய்களைச் சூழ்ந்து, நீர் புகாத மெழுகு போன்ற பொருளால் ஆன ஒரு வளையம் இருக்கின்றது. உயிரணுக்களின் இடுக்கு வழியாக வரும் உப்புநீரை இது தடுத்து, சவ்வின் வாயிலாகவே உள்ளே வருமாறு செய்கின்றது. இதனைக் காஸ்பாரிப் பட்டை என்பர். நெல்வேரில் பக்கவேர்கள் கிளைக்கும் இடங்களில் இவ்வேலியில் சந்துகள் ஏற்படுகின்றன. அவற்றின் வழியே உப்பு காவலைச் சந்திக்காமலே மேலேறிவிடுகின்றது. சிலிக்கா சத்து நன்கு கிடைத்த நெல்லில் இக்கசிவு குறைவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

உள்ளே வந்த உப்பை வெளியேற்றல்

கதவு எவ்வளவு காத்தும் சிறிது சோடியம் உள்ளே வந்தே தீரும். அதனை வெளியே தள்ளுவதற்கு உழைப்பு வேண்டும். ஏனெனில் வெளியே உப்பு மிகுதி, உள்ளே குறைவு. மேட்டிற்கு நீரேற்றுவது போன்ற வேலை இது.

இதனைப் பயிர் செய்யும் விதம் நம் ஊர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நினைவூட்டுகின்றது. மோட்டார் நீரை மேலே ஏற்றுகின்றது. பிறகு அந்நீர் கீழிறங்கும் விசையால் தெருக் குழாய்கள் எல்லாம் இயங்குகின்றன. அவ்வாறே உயிரணுச் சவ்வில் ஓர் இறைப்பான் உள்ளது. அது ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கின்றது. வெளியே குவிந்த ஹைட்ரஜன் அயனிகள் மீண்டும் உள்ளே வர முந்துகின்றன. அவை உள்ளே வரும் வழியில் ஒரு சுழல்வாயில் போன்ற புரதம் அமைந்திருக்கின்றது. ஒரு ஹைட்ரஜன் அயனி உள்ளே வந்தால் ஒரு சோடியம் அயனி வெளியே செல்ல வேண்டும் என்பது அவ்வாயிலின் விதி. விலங்குகளின் உயிரணுவில் சோடியத்தை நேரே வெளியேற்றும் தனி இறைப்பான் உண்டு. அதனை டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் வெளியிட்டு, 1997இல் நோபல் பரிசு பெற்றார். நம் பயிர்களுக்கோ அந்த வசதி இல்லை. தொட்டியும் சுழல்வாயிலும் கொண்டே அவை காலம் தள்ளுகின்றன.

சுழல்வாயில் எப்பொழுதும் திறந்திருப்பதில்லை. தேவை வரும்போது மட்டும் அதனை முடுக்கிவிடுவதற்கு ஓர் எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. உப்பு தாக்கிய சில நொடிகளில் உயிரணுவினுள் கால்சியத்தின் அளவு திடீரென உயர்கின்றது. அக்கால்சியத்தை ஒரு புரதம் பற்றிக்கொள்கின்றது; அது இரண்டாவது புரதத்தை எழுப்புகின்றது; இரண்டாவது புரதம் சுழல்வாயிலுக்குச் சென்று அதனை இயக்குகின்றது. இம்மூன்றையும் ஜியான் காங் ஜூ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், 1990களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரையிலான ஆண்டுகளில் கண்டறிந்தனர். இப்புரதங்களுள் ஏதேனும் ஒன்று பழுதுபட்ட செடி உப்பைக் கண்டவுடன் மாய்ந்தது. உப்பிற்கு மிகவும் அஞ்சும் செடி என்னும் பொருளில் இவ்வேற்பாட்டிற்கு எஸ்.ஓ.எஸ். என்று பெயரிட்டனர். கடலில் தத்தளிக்கும் கப்பல்கள் உதவி கேட்டு அனுப்பும் குறியும் அதுவே என்பது பொருத்தமான விந்தைதான்.

கால்சியம் இத்துடன் நிற்பதில்லை. மண்ணின் நீரில் கால்சியம் போதிய அளவு இருப்பின், ஆள் பார்க்காமல் விடும் கதவுகள் பலவற்றை அது ஓரளவு மூடிவைக்கின்றது. ஜிப்சம் என்பது கால்சியமும் கந்தகமும் அடங்கிய பொருள். அதன் பயன் மண்ணுடன் முடிவதில்லை. வேரின் வாயிற்படி வரையில் செல்கின்றது.

உமரியும் அலையாத்தியும் காட்டும் வழி

வெளியேற்றியது போக எஞ்சிய சோடியத்தை என்செய்வது? ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் நீர் நிரம்பிய பெரிய பை ஒன்று உண்டு. அதனை நுண்குமிழ்ப் பை என்று பாடநூல்கள் கூறுகின்றன. மேலே கூறிய சுழல்வாயில் போன்றதொரு புரதம் அப்பையின் சவ்விலும் உள்ளது. சோடியத்தைப் பையில் அடைத்துவிட்டால், வேலை நடக்கும் இடம் தூய்மையாக இருக்கும். பையிலுள்ள உப்பு, நீரை உள்ளே இழுக்கவும் உதவும். பகைவனைச் சிறையில் வைத்து வேலையும் வாங்குவது போன்றது இது. பைக்கு வெளியே உள்ள பகுதியும் அதற்கு ஈடுகொடுத்து நீரைப் பிடித்து வைக்க வேண்டும் அல்லவா? அதற்காகப் புரோலின் போன்ற தீங்கற்ற பொருள்களை உயிரணு தானே தயாரித்துக்கொள்கின்றது.

உப்பளத்து ஓரங்களில் வளரும் உமரிச் செடியின் தண்டும் இலையும் தடித்துச் சாறு நிறைந்திருப்பதன் காரணம் இதுவே. அதனை வாயிலிட்டால் கரிக்கும். பிச்சாவரத்தில் வளரும் வெண்கண்டல் மரம் வேறொரு வழியையும் கொண்டது. அதன் இலைகளில் உப்பைக் கசியவிடும் சுரப்பிகள் இருக்கின்றன. காலையில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். நெல்லுக்கு இத்தகைய சுரப்பிகள் இல்லை. நுண்குமிழ்ப் பையில் அடைக்கும் ஆற்றலும் அதற்கு மட்டானதே. ஆகவே நெல்லின் உயிர், சோடியத்தை இலைக்குப் போகவிடாமல் வேரிலும் தண்டிலும் நிறுத்துவதில்தான் பெரிதும் அடங்கியிருக்கின்றது.

நம் முன்னோர் பொறுக்கிய விதைகளின் மறைபொருள் இங்கேதான் இருக்கின்றது. கேரளக் கரையில் கடல்நீர் வந்து போகும் வயல்களில் பொக்காளி என்னும் நெல் தலைமுறை தலைமுறையாக விளைகின்றது. வங்காளக் கரையில் நோனா பொக்ரா என்னும் நெல் உண்டு. 2005ஆம் ஆண்டில் சீன அறிஞர்கள் நோனா பொக்ராவை ஆராய்ந்து, நீர்க்குழாயில் மேலேறும் சோடியத்தை மீண்டும் உறிஞ்சித் திருப்பிவிடும் ஒரு புரதமே அதன் வலிமைக்கு ஒரு காரணம் என்று நிறுவினர். பொக்காளியிலும் முதல் குரோமோசோமில் அதே பகுதியைச் சார்ந்த மரபுக்கூறு பயன்படுகின்றது. இதனை ஒத்த மரபணுவைப் பழைய கோதுமை இனம் ஒன்றிலிருந்து எடுத்து, ஒட்டுமுறையிலன்றி, வழக்கமான கலப்பு முறையிலேயே ரவைக் கோதுமையில் சேர்த்தனர். உவர்நிலத்தில் விளைச்சல் 25 சதவீதம் கூடியது என்று 2012இல் வெளியிட்டனர். எழுத்தறியாத உழவன் பொக்காளியை ஆண்டுதோறும் வயலிலிருந்து பொறுக்கியபோது, பெயர் அறியாமலேயே இந்தப் புரதத்தைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நம் நாட்டிலும் குழியடிச்சான், களர்ப்பாளை போன்ற பழைய நெல்வகைகள் உவரும் களரும் தாங்குபவை எனப் பெயர் பெற்றவை. கோ 43, திருச்சி 1 ஆகிய வெளியீட்டு இரகங்களும் உப்பு நிலங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை.

இலையில் உள்ள கதவுகள்

வேரைப் பற்றி இவ்வளவு கூறியபின் இலையைச் சுருக்கமாகக் கூறலாம். நீர் தட்டுப்படும்போது அப்சிசிக் அமிலம் என்னும் செய்தி இலைக்குச் செல்கின்றது. இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்பு உயிரணுக்கள் தம்மிடமிருந்த பொட்டாசியத்தை வெளியேற்றித் தளர்கின்றன, துளை மூடிக்கொள்கின்றது. நீர் மிச்சமாகின்றது, ஆனால் காற்றிலிருந்து உணவாக்கும் வேலையும் குறைகின்றது. வெப்பமும் வறண்ட காற்றும் மிகுந்த நாட்களில் இலை மிகுதியாக நீரை இழுக்கும். அந்நீருடன் உப்பும் மிகுதியாக ஏறும். மழைமூட்டமுள்ள நாட்களில் அதே வயலில் அதே பயிர் சற்றுத் தெளிந்து நிற்பதன் காரணம் இதுவே. கரையோர நிலத்தில் நாற்று நடும் நாளைக் கோடை வெயிலில் வைத்துக்கொள்ளாமல் மழைக்காலத்தை ஒட்டி அமைத்தல் நன்று.

வயலுக்கு வருவோம்

மேலே கூறியவற்றிலிருந்து சில செய்திகள் தாமே பெறப்படுகின்றன. உப்பை வெளியேற்றும் வேலைக்கு எரிபொருள் வேண்டும் என்று கண்டோம். எரிபொருள் உண்டாக வேருக்குக் காற்று வேண்டும். நெல்லின் தண்டில் காற்று இறங்கும் குழல்கள் இருத்தலால் அது நீரில் நின்றும் ஒருவாறு பிழைக்கும். நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கும் பயறுக்கும், அன்றிப் பருத்திக்கும், அந்த வசதி இல்லை. உவர்நிலத்தில் ஒரு மழைநீர் இரண்டு நாள் தேங்கினாலும் அவற்றின் வேர் மூச்சு முட்டி, இறைப்பான் நின்று, உப்பு தடையின்றி இலைக்கு ஏறிவிடும். உப்பு தனியே செய்யும் கேட்டைவிடத் தேங்கிய நீரும் உப்பும் சேர்ந்து செய்யும் கேடு மிகப் பெரிது. ஒருவர் தம் வயலுக்குள் எவ்வளவு நன்றாக வாய்க்கால் வெட்டினாலும், ஊர் வடிகால் தூர்ந்திருந்தால் பயனில்லை. இந்த ஒன்று மட்டும் தனியார் கையில் இல்லை. பஞ்சாயத்தின் கையில் இருக்கின்றது. என் கருத்தில், உவர்நிலச் சீர்திருத்தத்தில் செலவாகும் முதல் ரூபாய் வடிகாலுக்கே செலவாக வேண்டும். ஜிப்சம் அதற்கு அடுத்த இடத்திலேயே நிற்கும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையை நாகைக் கரையோரத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. கடல்நீர் விளைநிலங்களுக்குள் புகுந்து உப்பும் சேறும் படிந்தது. இனி இந்நிலம் எத்தனையோ ஆண்டுகளுக்கு ஆகாது என்றே பலர் அஞ்சினர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழை மேல்மண்ணின் உப்பைப் பெருமளவு கழுவியது. நல்ல நீர் மேலிருந்து இறங்கி, உப்பைச் சுமந்து, வடிகால் வழியே வெளியேற வேண்டும். உப்புக்கு வேறு போக்கிடம் இல்லை.

இங்கே உவரையும் களரையும் பிரித்தறிதல் வேண்டும். உவர்நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி. நல்ல நீரும் வடிகாலும் இருந்தால் கழுவிவிடலாம். களர்நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண்ணின் கட்டமைப்பைக் கெடுத்து, நீர் இறங்காமல் செய்துவிடும். கார அமில நிலை 8.5க்கு மேல் செல்லும். அங்கே வெறும் நீர் பாய்ச்சிப் பயனில்லை. ஜிப்சத்திலுள்ள கால்சியம் களிமண்ணிலிருந்து சோடியத்தைப் பெயர்த்துத் தானே அவ்விடத்தில் அமரும். பெயர்ந்த சோடியத்தை நீர்தேக்கி வடிக்க வேண்டும். உவர் மட்டுமே உள்ள நிலத்தில் இந்த அளவு ஜிப்சம் கொட்டுவது பணத்தை மண்ணிற் புதைப்பதாகும். இரண்டிலும் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதல் நன்மை தரும்.

பொட்டாஷ் உரத்தைப் பலர் உவர்நிலத்தில் வீண் செலவு என்று விட்டுவிடுகின்றனர். விகிதத்தைப் பற்றி மேலே கூறியதை நினைத்துப் பார்த்தால், மண் ஆய்வு குறைவு என்று காட்டும் இடத்தில் பொட்டாஷை விடுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும். நெற்பயிர் முளைக்கும்போது உப்பைத் தாங்கும். இளநாற்றாக இருக்கும்போதும், கதிர் உருவாகிப் பூக்கும்போதும் மிகவும் நலியும். ஆதலால் நாற்றங்காலை நல்ல மண்ணில் அமைத்து, நாற்றைச் சற்று முதிரவிட்டு, குத்துக்கு ஓரிரு நாற்று கூடுதலாக வைத்து நடுதல் வேண்டும். கைவசமுள்ள நல்ல நீர் சிறிதே என்றால், அதனைப் பூக்கும் பருவத்திற்கு ஒதுக்குக.

கரையோர ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி ஒரு சொல். நிலத்தடியில் நல்ல நீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. மேலே உள்ளதை விரைந்து இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலெழும். முதலாண்டு இனித்த கிணறு மூன்றாமாண்டு கரிப்பது இதனாலேயே. அண்டை வயல்காரருடைய கிணறும் உடன் கெடும். அவர் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டார். புதிய கிணற்றுக்கு எவரேனும் கேட்டு வந்தால், பஞ்சாயத்து அருகிலுள்ள பழைய கிணறுகளின் நீரை முதலில் ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தல் வேண்டும்.

ஆய்வறிக்கையில் மின்கடத்துத் திறன் என்று ஓர் எண் இருக்கும்; அதன் அளவை மீட்டருக்கு இத்தனை டெசிசைமன் என்று குறிப்பர். மண்ணை நீரால் நிறைத்து வடித்தெடுத்த சாற்றில் அந்த எண் 4க்கு மேல் இருந்தால் உவர்நிலம் எனக் கொள்வர். நெல் சுமார் 3 வரையில் தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகிற்கும் விளைச்சலில் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும். எண் 6 ஆனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். பருத்தி 7க்கு மேலும் தாங்க வல்லது. இவை பொதுவான அளவுகள். இரகத்திற்கு இரகம் சற்று வேறுபடும். ஆய்வுக்கூடங்கள் பல ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து அளப்பது உண்டு. அப்போது எண் குறைவாகவே வரும். எம்முறையில் அளந்தார்கள் என்று கேட்டு அறிந்த பின்னரே மேற்கண்ட அளவுகளோடு ஒப்பிட வேண்டும்.

மண் மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. மேலே வெண்மையாகப் பூத்திருக்கும் உப்பை மட்டும் சுரண்டி அனுப்பினால் எண் மிகையாக வரும். மழை பெய்த மறுநாள் எடுத்தால் குறைவாக வரும். அறுவடைக்குப் பின், நிலம் காய்ந்த நிலையில், ஒரு வயலில் பல இடங்களிலிருந்து உழவு ஆழம் வரையில் வெட்டி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ எடுத்துத் துணிப்பையில் கட்டுக. உரம் வைத்திருந்த சாக்கைப் பயன்படுத்தலாகாது. நீர் மாதிரிக்கு, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டபின், அதே நீரால் இருமுறை கழுவிய பாட்டிலில் பிடித்து, கிணற்றின் ஆழத்தையும் பிடித்த நாளையும் சீட்டில் எழுதி ஒட்டி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒப்படைக்கலாம்.